கடைசி வாங்குப் பிள்ளைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு

சற்று நீண்ட பதிவு. ஊரவர்கள், குறிப்பாகப் பெற்றார், பொறுமையோடு கடைசி வரை வாசியுங்கள்.

சென்ற தவணையில் எங்கள் பாடசாலையில் நடந்த ஒரு விடயம். தரம் 5இல் ஒரு பிள்ளை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கரும்பலகையில் உள்ளதை ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதியிருப்பான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எங்கள் சிவப்புப் பேனையின் சரி அடையாளம். ஒருநாள் அதே கொப்பியைக் கையில் கொடுத்து, அவன் எழுதிய முதல் வரியை வாசிக்கச் சொன்னோம். கொப்பியைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், பிறகு நிலத்தைப் பார்த்தான். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. ஐந்து வருடமாக எழுத்துக்களைப் படம் வரைவதுபோல வரைந்திருக்கிறான்.

"இவனுக்கு மண்டையில ஏறுதில்ல சேர். எட்டாம் வகுப்போட நிப்பாட்டி மாமாட கடைக்கு அனுப்பலாம் எண்டு வாப்பா சொல்றார்" என்றார் உம்மா. அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஐந்து வருடம் சரி போட்டவர்கள் நாங்கள்.

பிறகு தரம் 3 முதல் 5 வரையான பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து வாசிக்க வைத்தோம். அவன் ஒருவன் மட்டும் அல்ல என்று தெரிந்தது. அவசரத்தில் பின்னேர வகுப்பு ஒன்றைத் தொடங்கினோம். முதல் வாரம் நிறையப் பேர் வந்தார்கள். மூன்றாம் வாரம் வந்தவர்கள் ஏற்கெனவே ஓரளவு வாசிக்கத் தெரிந்தவர்கள். யாருக்காகத் தொடங்கினோமோ அவர்கள் வரவில்லை. சிலருக்கு அந்த நேரத்தில் மத்ரஸா, சிலருக்கு வீட்டில் வேலை, சிலருக்கு வெட்கம். ஒரு மாதத்தில் வகுப்பு தானாக நின்றது.

தோற்ற பிறகுதான் தேடத் தொடங்கினோம். நமக்கு முன்னர் இந்த வேலையைச் செய்தவர்கள் யார், எங்கே தவறினார்கள், எது நிலைத்தது? தேடியதில் கிடைத்த வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறோம். படித்தபோது ஒன்று புரிந்தது. நாங்கள் செய்த பிழைகள் எல்லாம் ஏற்கெனவே யாரோ செய்து, அளந்து, எழுதி வைத்த பிழைகள்.

முதலில் நமது வீட்டு வரலாறு. நம் சமூகம் கல்விக்காகச் சும்மா இருந்த சமூகம் அல்ல. அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும்படி ஊரை எழுப்பினார். 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த ஏ.எம்.ஏ. அஸீஸ், திறமை இருந்தும் பணம் இல்லாமல் நின்றுபோகும் பிள்ளைகளைக் கண்டார். 1945இல் முஸ்லிம் கல்விச் சகாய நிதி பிறந்ததன் பின்னால் அந்தக் கவலை இருந்தது. அதே 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. மத்திய மகா வித்தியாலயங்களும் புலமைப்பரிசிலும் கிராமத்துப் பிள்ளைக்கு ஏணி வைத்தன. இன்று நம் ஊரில் வைத்தியரும் பொறியியலாளரும் இருப்பது அந்த ஏணியால்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். புலமைப்பரிசில், சகாய நிதி, மத்திய கல்லூரி எல்லாமே ஏறக்கூடிய பிள்ளைக்கு வைத்த ஏணிகள். முதற்படியில் கால் வைக்கவே தெரியாத பிள்ளைக்கு என்ன செய்வது என்ற கேள்வி அந்த வரலாற்றில் ஓரத்தில்தான் இருக்கிறது. அன்றைய பெரியவர்களின் குறை அல்ல அது. அன்று பாடசாலைக்குள் கொண்டுவருவதே பெரும் போராட்டம். கதவு திறந்து எல்லாப் பிள்ளைகளும் உள்ளே வந்த பிறகுதான் இந்தக் கேள்வி எந்த நாட்டிலும் எழும்.

பிரான்ஸில் அப்படித்தான் எழுந்தது. அங்கே 1882இல் ஆரம்பக் கல்வி கட்டாயமானது. ஏழை, பணக்காரன் என்று எல்லாரும் வகுப்பில் நிறைந்தார்கள். சில பிள்ளைகளால் வகுப்போடு ஓட முடியவில்லை. 1904இல் அரசாங்கம் இதற்கென ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. அதில் இருந்த அல்பிரட் பினே என்ற உளவியலாளர், சிமோன் என்ற வைத்தியரோடு சேர்ந்து 1905இல் ஒரு பரிசோதனையை உருவாக்கினார். இன்று நாம் 'ஐ.கியூ.' என்று சொல்வதன் மூலம் அதுதான்.

பினேயின் நோக்கம் உதவி தேவைப்படும் பிள்ளையைக் கண்டுபிடிப்பது. புத்தி என்பது பிறப்பிலேயே அளந்து ஊற்றப்பட்டது, அதைக் கூட்ட முடியாது என்ற பேச்சை 1909இல் எழுதிய நூலில் அவர் கடுமையாக மறுத்தார். பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கவனப் பயிற்சிகளையும் பரிந்துரைத்தார். சைகை கொடுத்ததும் வகுப்பே சிலைபோல அசையாமல் நிற்கும் விளையாட்டு அவற்றில் ஒன்று. 1911இல் அவர் இறந்தார். அதே பரிசோதனை அமெரிக்காவுக்குப் போனபோது நோக்கம் புரண்டது. உதவிக்காகத் தயாரித்த பட்டியல், பிள்ளையை ஒதுக்கும் முத்திரையாக மாறியது.

இது நமக்கு முதல் எச்சரிக்கை. 'மெல்லக் கற்போர்' என்று நாமும் ஒரு பட்டியல் எடுக்கிறோம். வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பவும் செய்கிறோம். பட்டியலில் பெயர் ஏறிய பிறகு அந்தப் பிள்ளைக்கு அடுத்த நாள் காலையில் என்ன மாறுகிறது? ஒன்றும் மாறவில்லை என்றால் அந்தப் பட்டியல் வெறும் முத்திரைதான்.

இரண்டாவது கதை கென்யாவின் மேற்குப் பகுதி. 1990களில் அங்கே வகுப்பறைகளில் பாடநூல் பற்றாக்குறை. நூல் கொடுத்தால் பிள்ளைகள் முன்னேறுவார்கள் என்று எல்லாரும் நம்பினார்கள். சில பாடசாலைகளுக்கு இலவச நூல்கள் கொடுத்து, கொடுக்காத பாடசாலைகளோடு ஒப்பிட்டார்கள். சராசரிப் புள்ளி உயரவில்லை. முன்னரே நன்றாகப் படித்த பிள்ளைகள் மட்டும் பயன் பெற்றார்கள். காரணம் எளியது. நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. நூல் வாசிக்கத் தெரிந்தவனுக்குத்தான் நூல் உதவும்.

இதைப் படித்தபோது எங்களுக்குச் சுட்டது. ஒவ்வொரு ஜனவரியிலும் நம் ஊர் சங்கங்கள் கொப்பியும் பையும் கொடுக்கின்றன. அல்லாஹ் அந்த நன்மையை ஏற்றுக்கொள்ளட்டும், அது தொடர வேண்டும். ஆனால் எழுதத் தெரியாத கைக்குக் கொப்பி கொடுத்துவிட்டு, கடமை முடிந்தது என்று நாம் வீட்டுக்குப் போக முடியாது.

மூன்றாவது கதை இந்தியா. இதுதான் நீளமானது, எங்களுக்கு அதிகம் கற்றுத் தந்ததும் இதுதான்.

மும்பாய் நகரச் சேரிப் பிள்ளைகளுக்காக 1990களின் நடுப்பகுதியில் 'பிரதம்' என்ற தொண்டு நிறுவனம் உருவானது. இரசாயனவியல் படித்த மாதவ் சவானும் சமூகப்பணித் துறையைச் சேர்ந்த பரீதா லாம்பேயும் அதன் நிறுவுநர்கள். பாடசாலையில் இருந்தும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் ஏராளம் என்று கண்ட அவர்கள் 'பால்சகி' என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். பிள்ளைகளின் தோழி என்று அர்த்தம். அதே பகுதியில் வாழும், இடைநிலைக் கல்வி முடித்த இளம் பெண்தான் பால்சகி. இரண்டு வாரப் பயிற்சி. தரம் 3, 4இல் பின்தங்கிய 15 முதல் 20 பிள்ளைகளை, நான்கு மணிநேரப் பாடசாலை நாளில் இரண்டு மணிநேரம் தனியாக அழைத்து, அடிப்படை எழுத்தும் எண்ணும் கற்பிப்பார்.

மும்பாயிலும் வடோதராவிலும் 2001 முதல் 2003 வரை இதை ஆய்வாளர்கள் அளந்தார்கள். அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுப்லோவும் அவர்களில் இருவர். 2019இல் மைக்கல் கிரெமரோடு பொருளியல் நோபல் பரிசு பெற்றவர்கள். கென்ய நூல் ஆய்வில் இருந்தவர் அந்தக் கிரெமர். முதல் ஆண்டில் பிள்ளைகள் முன்னேறினார்கள், இரண்டாம் ஆண்டில் முன்னேற்றம் இரட்டித்தது. மிகவும் கீழே இருந்தவர்களே அதிகம் உயர்ந்தார்கள். பட்டமோ பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழோ இல்லாத பெண்கள் செய்த வேலை இது.

ஆனால் மகிழ்ச்சிச் செய்தியோடு அந்த ஆய்வு முடியவில்லை. நிகழ்ச்சி நின்று ஓராண்டு கழித்து மீண்டும் அளந்தபோது, பெற்றதில் பெரும்பகுதி கரைந்திருந்தது. ஒரு வருடம் கைதூக்கிவிட்டுப் பழைய வகுப்பில் பழையபடி விட்டால், பிள்ளை மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கே வழுக்கும்.

அடுத்து அவர்கள் உத்தரப் பிரதேசத்தின் ஜோன்பூர் மாவட்டக் கிராமங்களுக்குப் போனார்கள். 2005, 2006 காலம். அங்கே தொண்டர்கள் பாடசாலை நேரத்துக்கு வெளியே வாசிப்பு முகாம் நடத்தினார்கள். வந்த பிள்ளைகள் வியக்கத்தக்க விதத்தில் முன்னேறினார்கள். ஆனால் வந்தவர்கள் எத்தனை பேர்? நூற்றுக்கு 8. எழுத்தே தெரியாத பிள்ளைகளில் நூற்றுக்கு 13 பேர்தான் வந்தார்கள். எங்கள் பின்னேர வகுப்பின் கதை அப்படியே அங்கே இருந்தது. முகாம் பிழையில்லை, நேரம்தான் பிழை. விரும்பியவர் வரலாம் என்று கதவைத் திறந்து வைத்தால், அதிகம் தேவைப்படுகிறவன்தான் வரமாட்டான்.

அப்படியானால் பாடசாலைக்குள்ளேயே, அரச ஆசிரியர்களைக் கொண்டே செய்தால் என்ன? 2008இல் பீகாரில் முயன்றார்கள். விடுமுறை மாதத்தில் ஆசிரியர்கள் நடத்திய முகாமில் பிள்ளைகள் முன்னேறினார்கள். ஆனால் வழமையான பாடசாலை நாட்களில், பயிற்சியும் உபகரணமும் கொடுத்தும் மாற்றம் இல்லை. ஆசிரியர் அவர்தான், பயிற்சியும் அதுதான். பிறகு ஏன்? பாடசாலை தொடங்கியதும் அவர் பாடத்திட்டத்தை முடிக்க ஓட வேண்டியிருந்தது. உத்தரகாண்டில் தொண்டர்களைப் பாடசாலைக்குள் அனுப்பினார்கள். அவர்கள் சாதாரண வகுப்பு எடுக்கும் உதவி ஆசிரியர்களாக மாறிப்போனார்கள். அங்கேயும் பலன் இல்லை.

ஆசிரியர்களாகிய எங்களுக்கு இந்தப் பகுதி ஆறுதலும் அடியும் ஒருசேர. எங்களுக்குக் கற்பிக்கத் தெரியாது என்பதல்ல பிரச்சினை. தவணைப் பரீட்சைக்கு முன் பாடத்தை முடிக்க வேண்டும், மேற்பார்வைக்கு வருகிறவர் பதிவேட்டைக் கேட்பார். வாசிக்கத் தெரியாத ஐந்து பேருக்காக நின்றால் மற்ற முப்பது பேரின் பாடம் நிற்கும். இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் அந்த ஐந்து பேரைக் கடந்து போகிறோம். அவர்களும் ஆண்டுதோறும் வகுப்பேறிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஹரியானாவில் 2012, 2013இல் இந்தப் பூட்டுக்குச் சாவி கிடைத்தது. ஏறத்தாழ 400 பாடசாலைகள். பாடசாலை நாளில் ஒரு மணிநேரத்தைக் கூட்டி, இது அடிப்படை வாசிப்புக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். அந்த மணியடித்ததும் தரம் 3, 4, 5 என்ற பிரிவு கலையும். எழுத்துத் தெரியாதவர்கள் ஓர் அறைக்கு, சொல் வாசிப்பவர்கள் ஓர் அறைக்கு, பந்தி வாசிப்பவர்கள் இன்னோர் அறைக்கு. மேற்பார்வை செய்யும் அதிகாரிகளே முதலில் சில வாரங்கள் பிள்ளைகளுக்கு இப்படிக் கற்பித்துப் பார்த்தார்கள், பிறகுதான் ஆசிரியரைப் பார்க்க வந்தார்கள். மொழி வாசிப்பில் பிள்ளைகள் முன்னேறினார்கள். அதே மாநிலத்தில், அதே காலத்தில், ஒவ்வொரு பிள்ளையையும் தொடர்ச்சியாகக் கணிப்பிட்டுப் பதியும் இன்னொரு திட்டத்தையும் அளந்தார்கள். அதில் முன்னேற்றம் இல்லை. கணிப்பீட்டுப் படிவங்கள் நிரப்பி அலுத்த எங்களுக்கு இதில் வியப்பு இல்லை.

2013, 2014இல் உத்தரப் பிரதேசத்தில் இன்னொரு வடிவம் வந்தது. பத்து நாள் அல்லது இருபது நாள் தொடர் முகாம்கள், பாடசாலைக்குள்ளேயே, பாடசாலை நேரத்திலேயே. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 50 நாட்கள். முடிவில் அங்கே பந்தியோ கதையோ வாசிக்கக்கூடிய பிள்ளைகளின் வீதம், முகாம் நடக்காத பாடசாலைகளை விட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. ஐந்து வருடத்தில் வராத வாசிப்பு ஐம்பது நாளில் வரும் என்றால், பிள்ளையின் மண்டையில் குறை இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது ஒரேயொரு தாள். ஒரு பக்கத்தில் சில எழுத்துக்கள், சில சொற்கள், ஒரு சிறு பந்தி, ஒரு சிறு கதை. பிள்ளையை அருகில் அமர்த்தி வாசிக்க வைத்தால் சில நிமிடங்களில் அவன் எங்கே நிற்கிறான் என்று தெரிந்துவிடும். 2005 முதல் இந்தியக் கிராமங்களில் பிள்ளைகளின் வாசிப்பை உள்ளூர்த் தொண்டர்கள் இப்படித்தான் அளந்து வருகிறார்கள்.

இந்த வரலாற்றை எங்கள் ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டிருந்தபோது, மூத்த ஆசிரியர் ஒருவர் சிரித்துவிட்டுக் கேட்டார்: "இதில என்ன புதினம்? எங்கட ஓதப் பள்ளிக்கூடத்தில லெப்பை செய்தது இதுதானே?"

நாங்கள் வாயடைத்துப் போனோம். உண்மைதானே. நமது குர்ஆன் மத்ரஸாவில் யாராவது வயதைக் கேட்டுப் பாடம் கொடுத்தார்களா? அலிப், பே படிக்கிற பத்து வயதுப் பிள்ளையும், அம்ம ஜுஸ்உ ஓதுகிற ஏழு வயதுப் பிள்ளையும் ஒரே பாயில் இருந்தார்கள். ஒவ்வொருவராகப் போய்ப் பாடம் ஒப்புவிக்க வேண்டும். நேற்றைய பாடம் சரி வராவிட்டால் இன்று புதிய பாடம் இல்லை. முன்னே போன பிள்ளை பின்னால் இருக்கும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும். லெப்பையின் கையில் பிரம்பும் இருந்தது, அதை நாம் திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை. ஆனால் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கும் அந்த முறையை மத்ரஸாவில் வைத்துக்கொண்டு, பாடசாலை வாசலில் செருப்பைப்போல் கழற்றிவிட்டு வந்திருக்கிறோம்.

ஆகவே, இன்ஷா அல்லாஹ், அடுத்த தவணையிலிருந்து நாங்கள் செய்ய நினைப்பது இதுதான்.

ஒன்று: தரம் 3 முதல் 5 வரை எல்லாப் பிள்ளைகளையும் அந்த ஒரு தாள் முறையில் தமிழில் வாசிக்க வைப்போம். கொம்பு வந்தால் தடுமாறுகிறதா, ல, ள, ழ குழம்புகிறதா என்று பிள்ளைக்குப் பிள்ளை குறிப்போம். புள்ளியும் இல்லை, இடமும் இல்லை.

இரண்டு: காலையில் முதல் ஒரு மணிநேரம், வாரத்தில் நான்கு நாள், நேரசூசிக்குள்ளேயே. மூன்று வகுப்புகளும் கலைந்து மட்டத்துக்கேற்ப அமரும். வாசிப்பில் முன்னே நிற்கும் பிள்ளைகளுக்கும் அந்த மணியில் கதைப்புத்தகமும் எழுத்தும் உண்டு. அவர்களின் புலமைப்பரிசில் பாடம் குறையாது. அதிபர் இதற்கு இணங்கியிருக்கிறார். இந்த மணிநேரத்தை வேறு எந்த நிகழ்ச்சிக்கும் எடுக்கக் கூடாது என்பது எங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடு.

மூன்று: உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் தங்கச்சிமார் நம் ஊரில் பலர். பால்சகி வேலையை உங்களால் செய்ய முடியும். பயிற்சியை நாங்கள் தருகிறோம். பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பள்ளிவாசல் நிர்வாகமும் சிறு கொடுப்பனவு ஒன்றுக்கு வழி செய்தால் நன்றாக இருக்கும்.

நான்கு: நோன்பு விடுமுறைக்கு முன்னர் பத்து நாள் தொடர் முகாம் ஒன்று. தவணை முடிவில் அதே தாளால் மீண்டும் அளப்போம். முன்னேறினாலும் முன்னேறாவிட்டாலும் முடிவை இதே பக்கத்தில் ஊருக்குச் சொல்வோம். வாசிக்கத் தொடங்கிய பிள்ளையை அடுத்த ஆண்டும் விடாமல் பார்ப்போம். வடோதராவில் கரைந்தது இங்கே கரையக் கூடாது.

பெற்றாரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை கீழ் மட்டக் குழுவில் இருந்தால் அடிக்காதீர்கள், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். குழு மாறிக்கொண்டே இருக்கும். இரவில் ஐந்து நிமிடம் பக்கத்தில் அமர்ந்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கே வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கேட்பதற்கு ஒருவர் இருந்தால் போதும்.

அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்பீர்கள். சென்ற மாதம் முதல் காலை ஒன்றுகூடலுக்கு முன் பதினைந்து நிமிடம் ஓர் ஆசிரியை அவனோடு அமர்கிறார். இப்போது சிறு சொற்களைக் கூட்டி வாசிக்கிறான். சென்ற கிழமை 'கடல்' என்ற சொல்லை வாசித்துவிட்டு, தான் வாசித்தது சரியா என்று முகத்தைப் பார்த்தான். கொப்பியில் சரி போடவில்லை. "சரி மகன்" என்று வாயால் சொன்னார் ஆசிரியை. ஐந்து வருடத்தில் அவனுக்கு உண்மையாகக் கிடைத்த முதல் சரி அதுதான்.

அவனைக் கடைக்கு அனுப்பும் பேச்சை வாப்பா இன்னும் கைவிடவில்லை. எட்டாம் வகுப்புக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அதற்குள் நாம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.